தென்னிந்திய முத்தொகுதி (அம்ரிதா சேர்கில் ஓவியங்கள்)

தென்னிந்திய முத்தொகுதி என்பது ஓவியர் அம்ரிதா சேர்கில் 1937 ஆம் ஆண்டில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த மூன்று ஓவியங்களைச் சேர்த்துக் குறிக்கும் பெயராகும். மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் ஆகியவையே அம்மூன்று ஓவியங்கள். இவை மூன்று தனித்தனித் திரைச்சீலைகள்; ஒரே சட்டத்தில் அடங்கிய மூன்று பகுதிகள் அல்ல. ஒரே பயணத்தின் விளைவாகப் பிறந்தமையாலேயே இவை ஒன்றாக எண்ணப்படுகின்றன.

இந்திய நவீன ஓவிய வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் இவ்வோவியங்களைக் குறிப்பிடுகின்றன. எனினும், இவற்றுக்கு வழிவகுத்த பயணத்தின்போது சேர்கில் விற்பனைக்கு எடுத்துச் சென்ற ஓவியங்களைச் சமஸ்தானப் புரவலர்கள் ஏற்க மறுத்தனர். இக்கட்டுரை முத்தொகுதி காட்சிக்கு வைக்கப்பட்ட வரலாற்றையும், அதனோடு தொடர்புடைய சேர்கிலின் பிற ஓவியக் காட்சிகளையும் விளக்குகிறது.

பின்னணி

அம்ரிதா சேர்கில் 1913 சனவரி 30 அன்று அங்கேரியின் புடாபெசுட்டு நகரில் பிறந்தார். தந்தை பஞ்சாபைச் சேர்ந்த உம்ராவ் சிங் சேர்கில், தாய் அங்கேரியர். பாரிசு நகரின் நுண்கலைப் பள்ளியில் லூசியன் சைமன் என்பாரிடம் பயின்றார். அங்கு 1932 இல் வரைந்த 'இளம் பெண்கள்' என்னும் ஓவியம் பாரிசின் பெரிய ஓவியக் காட்சியில் பாராட்டுப் பெற்றதைத் தொடர்ந்து 1933 இல் அந்த அமைப்பின் இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1934 இறுதியில் இந்தியா திரும்பினார்.

இந்தியாவில் வரவேற்பு அவ்வளவு இனிமையாக அமையவில்லை. 1935 இல் சிம்லா நுண்கலைச் சங்கம் அவர் அனுப்பிய ஓவியங்களுள் சிலவற்றை நிராகரித்துவிட்டு, வேறொன்றுக்குப் பரிசு அளித்தது. சேர்கில் அப்பரிசைத் திருப்பி அனுப்பினார். இருபத்திரண்டு வயதினர் ஒருவர், அக்காலத்தில் செல்வாக்கு மிக்கிருந்த ஒரு சங்கத்துக்கு இவ்வாறு மறுமொழி கூறியது துணிச்சலான செயலே. ஆயினும் சங்கங்கள் அனைத்தும் ஒரே பார்வை கொண்டவையாக இருக்கவில்லை. 'மூன்று பெண்கள்' (1935) என்னும் ஓவியத்துக்கு மும்பாய் கலைச் சங்கம் 1937 இல் தங்கப் பதக்கம் வழங்கியது.

தென்னகப் பயணம்

1936 நவம்பரில் மும்பாயின் தாச்மகால் விடுதியில் உகீல் சகோதரர்களின் ஓவியங்களுடன் சேர்கிலின் ஓவியங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கலை விமர்சகர் கார்ல் கண்டாலவாலாவின் நட்பு அவருக்குக் கிடைத்தது மும்பாயில்தான். பின்னர் பரதா உகீலுடன் தெற்கு நோக்கிப் பயணமானார். இது வெறும் சுற்றுலா அன்று. ஓவியங்களை உடன் எடுத்துச் சென்று, வழியிலுள்ள சமஸ்தானங்களில் காட்டி விற்பதும் பயணத்தின் நோக்கமாக இருந்தது. அருங்காட்சியகங்களும் ஓவிய வணிகர்களும் மிகக் குறைவாக இருந்த அக்காலத்தில், பெரிய அளவில் ஓவியம் வாங்கக்கூடியவர்கள் மன்னர்களும் நவாபுகளுமே.

அந்த நோக்கம் கைகூடவில்லை. ஐதராபாத்தில் நவாப் சாலார் சங் ஓவியங்களைப் பார்வையிட்டபின் திருப்பி அனுப்பிவிட்டார். இவர் ஐரோப்பியக் கலைப்பொருட்களைப் பெருமளவில் சேர்த்தவர். அச்சேகரிப்பே இன்றைய சாலார் சங் அருங்காட்சியகத்தின் அடிப்படை. மைசூர் மன்னரோ சேர்கிலின் ஓவியங்களை விடுத்து இரவி வர்மாவின் ஓவியங்களைத் தேர்ந்தார். இரவி வர்மா இறந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்தேர்வை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஒளி நிழல் பேதத்துடன் நகையும் பட்டும் மின்னும் உருவங்களுக்குப் பழகிய கண்ணுக்கு, விவரங்களைக் குறைத்துத் தட்டையான வண்ணப் பரப்புகளால் ஆன உருவங்கள் முற்றுப்பெறாதவையாகத் தோன்றியிருப்பதில் வியப்பில்லை.

விற்பனையில் தோற்ற இப்பயணமே ஓவியருக்குப் பெரும் பேறாக அமைந்தது. அசந்தா குகை ஓவியங்களையும், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களையும் அவர் நேரில் கண்டார். திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் சென்றார். பாரிசில் கற்ற செசான், கோகன் ஆகியோரின் வழிமுறையும், அசந்தாவின் உருவ அமைப்பும் ஒன்றோடொன்று பொருந்தக்கூடியவை என்பது அவருக்கு இப்பயணத்தில்தான் உறுதிப்பட்டது எனலாம்.

ஓவியங்கள்

மூன்று ஓவியங்களும் 1937 இல் சிம்லா திரும்பிய பின்னர் வரையப்பட்டவை. தெற்கே கண்டவற்றை இமயமலைச் சாரலில் இருந்துகொண்டு நினைவிலிருந்து தீட்டினார் என்பதை வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும். ஆகவே இவற்றை ஒரு குறிப்பிட்ட ஊரின் ஆவணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. சந்தைக்குச் செல்வோரின் ஓவியத்தில் இராசபாளையத்தையோ திருவில்லிபுத்தூரையோ தேடினால் கிடைக்காது. கரிய மேனியும் நீண்ட உடலும் வெண்ணிற ஆடையும் கொண்ட மனிதர்களே அதில் உள்ளனர்.

பிரம்மச்சாரிகள் ஓவியத்தில் வெள்ளை வேட்டி அணிந்து, மேலாடையின்றி அமர்ந்த ஐந்து இளைஞர்கள் உள்ளனர். ஒவ்வொருவரின் மேனி நிறமும் வேறு. செம்மை கலந்த பின்புலத்தில் வெள்ளை வேட்டிகள் தொடர்ந்து ஒரு பட்டை போல ஓடி ஐவரையும் இணைக்கின்றன. மூன்றனுள் அமைப்பில் மிகச் சிறந்தது இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மணப்பெண் அலங்காரத்தில் வெளிறிய மேனியுடைய மணப்பெண் நடுவில் அமர்ந்திருக்க, கரிய மேனியுடைய பெண்கள் அவளை ஒப்பனை செய்கின்றனர். திருமணக் கோலத்துக்குரிய மகிழ்ச்சி எம்முகத்திலும் இல்லை.

இலாகூர் காட்சிகள்

முத்தொகுதி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1937 நவம்பரில், இலாகூரின் பலெட்டி விடுதியில் நடைபெற்ற சேர்கிலின் தனிநபர் காட்சியில் ஆகும். அதே ஆண்டில் வரைந்த 'கதை சொல்பவர்' என்னும் ஓவியமும் அதில் இடம்பெற்றது. அங்கேரியரான கலை வரலாற்றாளர் சார்லசு பாப்ரி இக்காட்சியைப் பாராட்டி எழுதினார். சிம்லா, ஐதராபாத்து, மைசூர் ஆகிய இடங்களில் கிடைக்காத கவனம் இலாகூரில் கிடைத்தது.

1938 இல் சேர்கில் அங்கேரியில் விக்டர் ஈகன் என்னும் மருத்துவரை மணந்தார். இருவரும் 1939 இல் இந்தியா திரும்பி, முதலில் கோரக்பூர் அருகேயுள்ள சராயாவிலும் 1941 இல் இலாகூரிலும் குடியேறினர். அங்கு மற்றொரு தனிநபர் காட்சிக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோது, 1941 திசம்பர் 5 அன்று சேர்கில் திடீரென நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 28. திட்டமிட்ட காட்சி அதே மாதத்தில் நினைவுக் காட்சியாக நடைபெற்றது. 1944 இல் கண்டாலவாலா அவரைப் பற்றி நூல் எழுதி வெளியிட்டார்.

அருங்காட்சியகத்தில்

1947 இல் இலாகூர் பாக்கித்தானுக்கு உரியதாயிற்று. சேர்கிலின் ஓவியங்களோ இந்தியாவில் நிலைபெற்றன. கணவரும் தந்தையும் இந்திய அரசுக்கு வழங்கிய ஓவியங்கள், தேசிய நவீன கலைக் காட்சியகத்தின் தொடக்ககாலச் சேகரிப்பின் முக்கியப் பகுதியாயின. இக்காட்சியகம் 1954 மார்ச்சு 29 அன்று புது தில்லி செய்ப்பூர் மாளிகையில் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ச. இராதாகிருட்டிணனால் திறந்து வைக்கப்பட்டது. சேர்கிலின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆக்கங்கள் அதன் சேகரிப்பில் உள்ளன. மணப்பெண் அலங்காரம், பிரம்மச்சாரிகள் ஆகியன அவற்றுள் அடங்கும்.

தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிசங்கள் சட்டம் 1972 இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1976 இல் சேர்கிலின் ஆக்கங்கள் தேசியக் கலைப் பொக்கிசம் என அறிவிக்கப்பட்டன. இவ்வறிவிப்பின் பொருள் பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. இந்தியாவிலுள்ள சேர்கில் ஓவியத்தை உள்நாட்டில் வாங்கலாம், விற்கலாம். விற்று வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதுதான் இயலாது. அரசின் இசைவுடன் தற்காலிகக் காட்சிக்கு அனுப்பத் தடையில்லை.

இவ்வாறே 2006 அக்டோபரில் செருமனியின் மியூனிக்கு கலை மாளிகையிலும், 2007 இல் இலண்டன் டேட்டு நவீன கலைக்கூடத்திலும் சேர்கில் ஓவியங்களின் பெருங்காட்சிகள் நடைபெற்றன. இவரது பெயரைத் தொடர்ந்து பேசச் செய்தவர்களுள் ஒருவர் விவான் சுந்தரம் (1943–2023). இவர் சேர்கிலின் தங்கை இந்திராவின் மகன். தாமும் புகழ்பெற்ற கலைஞர். இவருடைய தந்தை இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர் க. வெ. க. சுந்தரம் ஆவார். குடும்பப் புகைப்படங்களைக் கணினியில் இணைத்து விவான் உருவாக்கிய படத்தொடரும் (2001), சேர்கிலின் கடிதங்களை இரு தொகுதிகளாகப் பதிப்பித்த நூலும் (2010) குறிப்பிடத்தக்கவை. பயண விவரங்களை ஓவியரின் சொற்களிலேயே அறிய விரும்பும் மாணவர்கள் அக்கடிதத் தொகுப்பைப் படிப்பது நன்று.

காட்சி வரலாறும் மதிப்பும்

ஓர் ஓவியம் எந்த ஆண்டில் எங்கு காட்டப்பட்டது என்னும் விவரம் ஆய்வாளருக்கு மட்டும் பயன்படுவதன்று. போலிகள் மலிந்த சந்தையில், ஓவியர் வாழ்ந்த காலத்திலேயே அவரது காட்சியில் இடம்பெற்றது என்பது மெய்த்தன்மைக்கு வலுவான சான்று. 1937 இல் முத்தொகுதியுடன் பலெட்டி விடுதியில் தொங்கிய 'கதை சொல்பவர்' 2023 செப்டம்பரில் புது தில்லியில் ஏலத்துக்கு வந்தபோது, அதன் விவரக் குறிப்பில் அந்த இலாகூர் காட்சியும் இடம்பெற்றது. ஓவியம் 61.8 கோடி உரூபாய்க்கு விற்பனையானது. ஏலத்தில் இந்திய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்தவற்றுள் இதுவே மிக உயர்ந்த விலை. 2025 மார்ச்சில் ம. பி. உசைனின் ஓவியம் ஒன்று இதனை விஞ்சியது.

சேர்கிலின் நூற்றாண்டையொட்டி தேசிய நவீன கலைக் காட்சியகம் 2014 இல் புது தில்லியில் நடத்திய காட்சி, பின்னர் அதன் மும்பாய், பெங்களூர் கிளைகளிலும் இடம்பெற்றது. சென்னையில் இக்காட்சியகத்துக்குக் கிளை இல்லை. தமிழக வாசகர்களுக்கு அருகிலுள்ளது 2009 இல் தொடங்கப்பட்ட பெங்களூர் கிளையே. ஆனால் நிலையான சேகரிப்பைக் காணப் புது தில்லிக்குத்தான் செல்ல வேண்டும்.