'அந்த நாள்' காட்டும் உளவாளி: உஷாவின் வாக்குமூலத்தை முன்வைத்து

எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்து 1954 ஏப்ரலில் வெளிவந்த 'அந்த நாள்' பற்றிய திறனாய்வுகளில் பெரும்பாலானவை, அது பாடல் இல்லாத தமிழ்ப்படம் என்பதையும் அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' வழியில் கதை சொன்ன படம் என்பதையும் சொல்லி நின்றுவிடுகின்றன. முதற்கூற்றில் தவறில்லை, ஆனால் படத்தில் இல்லாததைச் சொல்வதால் இருப்பது விளங்கிவிடாது. இரண்டாவது கூற்றோ படத்தின் கட்டமைப்பையே பிறழக் காட்டுவதோடு, இறுதியில் வரும் உஷாவின் வாக்குமூலத்தைக் கதைக்கு வெளியே ஒட்டவைத்த தேசபக்திப் பிரசங்கமாகக் கருதும் வாசிப்புக்கும் இடமளித்துவிட்டது. இக்கட்டுரை மறுக்க முற்படுவது அந்த வாசிப்பையே.

'ரஷோமோன்' ஒரே நிகழ்ச்சியைப் பலர் வாயிலாகச் சொல்லி, அக்கூற்றுகள் ஒன்றையொன்று பொய்யாக்கும்படி விட்டுவிடுகிறது. 'அந்த நாள்' அப்படிச் செய்வதில்லை. துப்பாக்கி வெடித்து ராஜன் (சிவாஜி கணேசன்) நெஞ்சைப் பிடித்தபடி சரிவதைத் தொடக்கத்திலேயே பார்வையாளர் கண்டுவிடுகின்றனர். அதன்பின் சாட்சிகள் சொல்வது கொலையை அன்று, கொலைக்கான காரணம் என்று அவரவர் கருதுவதை. அண்டைவீட்டுச் சின்னையா பிள்ளை ராஜனின் தம்பி பட்டாபியைச் சுட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவை ஐயுறுகிறான். ஹேமா, ராஜனோடு தொடர்புடைய அம்புஜத்தைக் கைகாட்டுகிறாள். அம்புஜமோ சின்னையா பிள்ளையையே குற்றம்சாட்டுகிறாள். குற்றச்சாட்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து வட்டம் மூடிக்கொள்கையில், அதற்கு வெளியே நிற்பவை இரண்டு: மனைவி உஷா (பண்டரிபாய்), மற்றொன்று போர்.

இந்த வட்டம் துப்பறியும் கதையின் வழக்கமான திசைதிருப்பல் மட்டும்தானா என்பது எண்ணத்தக்கது. பணத்தில் பிடிவாதக்காரன், தம்பிக்கு இரங்காத அண்ணன், மனைவியை வஞ்சித்தவன் என்று ராஜனின் குணம் சாட்சியத்துக்குச் சாட்சியம் குறைந்துகொண்டே வருகிறது. அவன் ஜப்பானியருக்கு உளவு சொன்ன வானொலிப் பொறியாளன் என்பது உஷாவின் வாயால் வெளிப்படுமுன்பே, அவனை வெறுப்பதற்கான காரணங்கள் வீட்டுக்குள்ளிருந்தே திரட்டித் தரப்பட்டுவிடுகின்றன. அவனது துரோகத்துக்கு உஷாவின் கூற்று தரும் விளக்கமும் இதே போக்கினதே: தன் திறமை மதிக்கப்படவில்லை, தன் ஆராய்ச்சிக்கு உள்நாட்டில் ஆதரவில்லை என்ற கசப்பே அவனைப் பகைநாட்டின் பக்கம் தள்ளுகிறது. ராஜன் மனைவிக்கு உண்மையாய் இருந்து, பிரிட்டிஷ் ஆட்சி ஒழிய ஜப்பானின் துணை வேண்டும் என்று வாதிட்டிருந்தால், உஷாவின் குண்டுக்கு இதே நியாயம் கிடைத்திருக்குமா?

இக்கேள்வியைப் படத்தின் மீது வெளியிலிருந்து சுமத்தப்படுவதாகத் தள்ளிவிட முடியாது. அதனைக் கிளப்புவது படம் தேர்ந்துகொண்ட நாளே. கதை, ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர் 11ஆம் நாளோடு கட்டப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 10 அன்று, அதே சென்னையின் சிறையில் வக்கம் அப்துல் காதரும் வேறு மூவரும் தூக்கிலிடப்பட்டனர். பினாங்கில் உளவுப் பயிற்சி பெற்று, 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் கேரளக் கடற்கரையில் வந்திறங்கிய காதர், பகைவரின் கையாட்களைத் தண்டிப்பதற்கென்று பிரிட்டிஷ் அரசு பிறப்பித்த அவசரச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டவர். அன்றைய சட்டத்தின் கண்ணில் அவர் உளவாளி. விடுதலை பெற்ற இந்தியா அவரைத் தியாகியாகப் போற்றி அஞ்சல்தலை வெளியிட்டது. குண்டுவீச்சுக்குப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக சுதந்திர அரசை அறிவித்தார். அவரது படையில் மலாயாத் தமிழர் பெருந்தொகையாய்ச் சேர்ந்திருந்தனர். ஆகவே 'ஜப்பானுக்கு உதவியவன் நாட்டுக்குத் துரோகி' என்பது 1943இன் சென்னையில் எல்லோரும் ஒப்பிய முடிவன்று. எந்த நாடு, எவருடைய அரசு என்று திருப்பிக் கேட்கத்தக்க கூற்றே அது.

படம் அக்கேள்வி எழாதபடி பார்த்துக்கொள்கிறது. துப்பறியும் சிவானந்தமும் (படத்தின் எழுத்தாளரான ஜாவர் சீதாராமனே இவ்வேடம் ஏற்றவர்) இன்ஸ்பெக்டர் நாயுடுவும் பிரிட்டிஷ் அரசின் ஊழியர்களாயினும், 1954இன் பார்வையாளருக்கு அவர்கள் 'நம் போலீஸ்' ஆகவே தோன்றுவர். உஷா காக்க நினைத்த நாடும் இவ்வாறே ஏழாண்டுகளாக விடுதலை பெற்றிருந்த நாடாகப் பின்னோக்கி மாறிவிடுகிறது. அவளது வாக்குமூலம் கதையோடு ஒட்டாத பிரசங்கம் என்போர் இந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை. முந்தைய நான்கு சாட்சியங்களும் ராஜனை அரசியல் மனிதனாக நினைக்க இடம் தராமல் செய்த வேலையைத்தான் ஐந்தாவது முடித்துவைக்கிறது.

அந்தோனி அஸ்க்வித்தின் 'தி வுமன் இன் கொஸ்டின்' (1950) என்ற ஆங்கிலப் படமே இதற்கு நெருங்கிய முன்மாதிரி என்பாருண்டு. இருக்கலாம், ஆயினும் அப்படத்தில் உளவும் இல்லை, போரும் இல்லை என்பதால் அவ்வொப்புமை இங்கு உதவாது. தணிக்கைக்கு அஞ்சி இவ்வாறு எடுத்தனர் என்ற வாதத்துக்கோ நீண்ட விடை தேவையில்லை: அச்சம் காரணமாயின் 1943ஐத் தேர்ந்திருக்கவே வேண்டியதில்லை. படைப்பாளர்கள் காதரின் வழக்கை மனத்திற்கொண்டே எழுதினர் என்று இங்கே வாதிடப்படவில்லை. அவ்வழக்கு நடந்த ஊரில், அதே ஆண்டில், ஓர் உளவாளிக் கதையை நிறுத்தியவர்கள் எதை விலக்க வேண்டியிருந்தது என்பதே கேள்வி. அவர்கள் விலக்கியது ராஜனின் அரசியலை. எனவே 'அந்த நாள்' தமிழ்த் திரைப்படத்தின் உத்தி வரலாற்றில் பெறும் இடத்தைக் காட்டிலும், போர்க்கால விசுவாசத்தை விடுதலைக்குப்பின் திருத்தி எழுதிய ஆவணங்களின் வரிசையில் பெறும் இடமே பெரிது.