வேறு கம்பெனி வண்டி: இந்திய மோட்டார் சைக்கிள் உடைமையாளரின் நம்பிக்கை இடம்பெயர்ந்த வரலாறு

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒருவர் ஒரு கம்பெனியின் வண்டியை விட்டு மற்றொரு கம்பெனியின் வண்டிக்கு மாறுவதன் காரணத்தை விசாரிக்கப் புகுவோர், விலை, மைலேஜ், வேகம், அழகு என்று சிலவற்றை எடுத்துச் சொல்லி அத்துடன் விசாரணையை நிறுத்திக்கொள்வது வழக்கம். இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆயினும் எக்காலத்திலும் இருந்து வந்த இக்காரணங்கள், ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டும் லட்சக்கணக்கான குடும்பங்களை ஒரே திசையில் நகர்த்தியது எங்ஙனம் என்ற வினாவுக்கு அவற்றில் விடையில்லை. 1980களின் நடுப்பகுதி தொடங்கி இந்தியாவில் நிகழ்ந்த பெருமாற்றத்தை ஆராயுமிடத்து, வண்டியைப் பழுதின்றி ஓடவைக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்புவிப்பது என்பதில் உடைமையாளருக்கு இருந்த நம்பிக்கை, தெருமுனை மெக்கானிக்கை விட்டுத் தொழிற்சாலையைச் சென்றடைந்ததே அம்மாற்றத்தின் உள்ளுறை என்பது என் அபிப்பிராயம்.

மாறுவதற்கு முதலில் வேறொன்று இருக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் எந்தத் தொழிற்சாலை எதனை எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை அரசாங்கமே நிர்ணயித்த காலத்தில், மோட்டார் சைக்கிள் வாங்க விரும்பியவர் முன்னே பெரும்பாலும் மூன்று வண்டிகளே நின்றன. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியுடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் கூட்டுச் சேர்ந்து அமைத்த என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்தது. செக்கோஸ்லோவாகியாவின் உரிமம் பெற்ற ஐடியல் ஜாவா மைசூரில் 1961 முதல் ஜாவாவைச் செய்தது. போலந்து நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத்தைச் செய்தது. ஸ்கூட்டர் வேண்டியவரோ பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். பஜாஜ் சேத்தக்கிற்காகக் காத்திருந்த காலம் சில இடங்களில் பத்தாண்டை எட்டியது. கையில் கிடைத்த வண்டியை மறுநாளே அதிக விலைக்கு விற்க முடிந்த அந்நாளில், ஒருவர் ஒரே கம்பெனியுடன் இருபது ஆண்டுகள் நிலைத்திருந்ததை அபிமானம் என்று முழுமையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதில் நிர்ப்பந்தத்தின் பங்கு மிகுதி.

ஆயினும் அந்நிர்ப்பந்தத்தினூடே உண்மையான ஒரு பற்றும் வளர்ந்தது. அதன் இயல்பை அறிந்தாலன்றிப் பின்வந்த மாற்றம் விளங்காது. பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவது ஒரு வித்தை. டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தியவாறு கிக்கரை மெல்ல நகர்த்தி, ஆம்பியர் மீட்டரின் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, பிஸ்டன் எந்நிலையில் நிற்கிறது என்பதை ஊகித்த பின்னரே முழு வலுவுடன் உதைக்க வேண்டும். பிசகினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தமையால், அதில் பழகிய கால் வேறு வண்டியில் தடுமாறியது. ஜாவாவிலோ ஒரே லீவர் கிக்கராகவும் கியராகவும் பயன்பட்டது. பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். பிளக்கில் படியும் கரியை அடிக்கடி துடைக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றி அடைப்பை நீக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்ப்பதும், டேப்பெட்டின் சப்தத்தைக் கேட்டே அதன் குறையைச் சொல்வதும், ஆயில் கசிவு எவ்வளவு வரையில் இயற்கை, எதற்குமேல் ஆபத்து என்று அறிவதும் உடைமையாளரும் மெக்கானிக்கும் சேர்ந்து பல்லாண்டு ஈட்டிய அறிவாகும்.

இவ்வறிவு ஒரு வண்டிக்கே உரியது, மற்றொன்றுக்குப் பயன்படாது. கம்பெனி மாறுகிறவர் பழைய வண்டியுடன் இவ்வறிவையும் விற்றுவிட நேர்ந்தது; தம் வண்டியின் குணம் தெரிந்த மெக்கானிக்கின் உறவையும் அத்துடன் இழந்தார். ஸ்பேர் கிடைக்குமா என்ற ஐயமும் அதில் சேர்ந்துகொண்டது. ஆகவே, புல்லட்டின்மேல் ஒருவர் கொண்டிருந்த பற்றை ஆராய்ந்தால் அதில் ஒரு பாதி, அவ்வண்டியை எப்போதும் சரிசெய்து கொடுத்த மனிதர்மேல் கொண்ட பற்றாகவே காணப்படும். வண்டிக்காரரை அவர் கம்பெனியோடு பிணைத்த கயிற்றின் மறுமுனை மெக்கானிக்கின் பட்டறையில் கட்டப்பட்டிருந்தது.

இந்நிலையில், 100 சி.சி.க்கு மேற்படாத வண்டிகளுக்கு அந்நியக் கூட்டுறவை அரசாங்கம் 1980களின் தொடக்கத்தில் அனுமதித்தது. ஜப்பானின் நான்கு கம்பெனிகளும் சில ஆண்டுகளுக்குள் வந்து சேர்ந்தன. டி.வி.எஸ். குழுமத்தின் துணையுடன் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி 1984-இல் வெளிவந்தது. சைக்கிள் தொழிலில் பெயர் பெற்றிருந்த லூதியானாவின் முஞ்சால் குடும்பத்து ஹீரோ கம்பெனியுடன் சேர்ந்து ஹோண்டா 1985-இல் ஹீரோ ஹோண்டா என்ற பெயரில் சி.டி. 100-ஐ வெளியிட்டது, அதே ஆண்டில் எஸ்கார்ட்ஸ் வாயிலாக யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது, அடுத்த ஆண்டு பஜாஜும் கவாசாகியும் சேர்ந்து கே.பி. 100-ஐக் கொணர்ந்தன. இந்நான்கனுள் ஹோண்டா ஒன்றே நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பெற்றிருந்தது; ஏனைய மூன்றும் இரண்டு ஸ்ட்ரோக். ஆர்.எக்ஸ். 100 ஏறத்தாழ 11 குதிரைத்திறன் தந்தபோது சி.டி. 100 தந்தது 7 அளவே. வேகத்தையும் துடிப்பையும் மட்டும் மக்கள் நாடியிருப்பின் ஹோண்டா தோற்றிருக்க வேண்டும்.

அது தோற்காமைக்குரிய காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிந்த புகையை வெளித்தள்ளும் பணியைப் புதிதாக உள்வரும் பெட்ரோல் கலவையே செய்கிறது. அவ்வாறு தள்ளும்போது கலவையின் ஒரு பகுதி எரியாமலே புகையுடன் வெளியேறிவிடுகிறது. நான்கு ஸ்ட்ரோக்கில் வால்வுகள் வழியை அடைத்துத் திறப்பதால் இவ்விரயம் இல்லை. ஆயிலும் பெட்ரோலுடன் சேர்ந்து எரியாமல் தனியே நிற்பதால் பிளக்கில் கரி சேர்வது குறைகிறது. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்ற விளம்பரம் பெட்ரோல் விலையேற்றங்களை அனுபவித்திருந்த மாதச் சம்பளக்காரரின் செவியில் விழுந்ததைப் பலரும் எழுதியிருக்கின்றனர். அதனினும் ஆழ்ந்த மாறுதல் ஒன்று அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. பெட்ரோலை ஊற்றி மூடியபின் வண்டியைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று அந்த விளம்பரம் வாக்களித்தது. இந்திய வண்டிக்காரர் அதுகாறும் கேட்டிராத வாக்கு அது. முழுதும் மூடப்பட்ட செயின் உறையும், இலவச சர்வீஸ் கூப்பனும், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையமும் அவ்வாக்கைக் காத்தன. பல்லாண்டு பழகி ஈட்டிய அறிவுக்குத் தேவையே இல்லாமற்போனபோது, அவ்வறிவு அமைத்திருந்த பிணைப்பும் தளர்ந்தது.

இதனை எதிர்நிலையிலிருந்து உறுதிசெய்யும் சான்றாக யமஹாவின் ஆர்.டி. 350-ஐக் கருதலாம். 1983-இல் ராஜ்தூத் என்னும் பெயருடன் எஸ்கார்ட்ஸ் வெளியிட்ட அந்த இரட்டைச் சிலிண்டர் வண்டி, வேகத்தில் அன்று நாட்டில் நிகரற்றது. அதனை வியந்தவர் பலர், வாங்கியவர் சிலர், 1980களின் இறுதிக்குள் அதன் உற்பத்தியும் முடிந்தது. மறுபுறம், வேகத்திலோ அழகிலோ சொல்லிக்கொள்ளத் தக்க சிறப்பில்லாத பழைய ராஜ்தூத் 175, பால் கேன்களைச் சுமந்து வட இந்தியக் கிராமங்களில் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் கம்பெனியின் சர்வீஸ் நிலையம் எட்டாத தொலைவிலும் கிராமத்து மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்திலும் இருந்தமையைக் கருதும்போது இந்நிலைபேறு வியப்பன்று.

கம்பெனியின் பெயரே உடைமையாளரைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற கொள்கையைச் சோதித்தறிய வரலாறு நமக்கு அரிய சந்தர்ப்பங்கள் சிலவற்றைத் தந்துள்ளது. மைசூர் வண்டி 1970களில் ஜாவா என்ற பெயரை நீக்கி எஸ்டி என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. ஓட்டியவர்கள் அதனால் விலகவில்லை. அதனைக் காட்டிலும் பெரிய சோதனை 2010 டிசம்பரில் நேர்ந்தது. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதென முடிவு செய்தன. 2011-இல் ஹீரோ ஹோண்டா, ஹீரோ மோட்டோகார்ப் ஆயிற்று. ஹோண்டாவோ 1999 முதலே தனக்கென ஓர் இந்தியக் கம்பெனியை நடத்தி, ஷைன் முதலிய வண்டிகளை விற்றுவந்தது. எஞ்சினை உருவாக்கிக் கொடுத்தவர் ஜப்பானியர் என்பதை அறிந்த மக்கள் அனைவரும் அவர்பின் சென்றுவிடுவர் என்று எதிர்பார்த்தவர் பலர். அவ்வாறு சென்றோரும் உண்டு. எனினும் ஹீரோ இந்தியாவின் முதலிடத்தை இழக்கவில்லை. 1994 முதல் ஹீரோ ஹோண்டாவின் ஸ்ப்ளெண்டர் ஓட்டியவருக்கு அதே எஞ்சினும், அதே விற்பனையாளரும், அதே சர்வீஸ் நிலையமும், செகண்ட் ஹேண்டில் விற்கும்போது குறையாத விலையும் முன்போலவே இருந்தன. போனது டாங்கிலிருந்த எழுத்துகளில் ஒரு பாதி. அதற்காக வண்டி மாற்ற அவருக்குக் காரணம் தோன்றவில்லை.

வண்டிக்காரர் கம்பெனியைக் கைவிடாமல் கம்பெனியே அவரைக் கைவிட்ட கதையும் உண்டு. மாறுதலைப் பற்றிய ஆராய்ச்சியில் அது பெரிதும் மறக்கப்படுகிறது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 1996-இல் கடுமையாயின. அவ்வாண்டில் ஆர்.எக்ஸ். 100-இன் உற்பத்தி நின்றது. அதனை நேசித்த இளைஞர்களுக்கு விருப்பமான வண்டியைப் புதிதாக வாங்கும் வழி அடைபட்டது. அவர்களுட் பலர் பழைய வண்டியையே பழுது பார்த்து ஓட்டினர். ஏனையோர் வேறு கம்பெனிக்குச் சென்றனர். இவர்களை நிலையற்றவர்கள் என்பது அநீதி. அதே 1996-இல் மைசூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டது; எஸ்டிக்காரர்களுக்கும் அதே கதி நேர்ந்தது.

2001-இல் பஜாஜ் பல்சரை வெளியிட்டபோது நிகழ்ந்தது முற்றிலும் வேறு வகையானது. 150 சி.சி.யும் 180 சி.சி.யும் கொண்ட அவ்வண்டிகளை வாங்கியோரில் பெரும் பகுதியினர் முதன்முதலாக வண்டி வாங்கிய இளைஞர்கள். சேத்தக்கில் தந்தைக்கும் தாய்க்கும் நடுவே உட்கார்ந்து பள்ளிக்குச் சென்ற பிள்ளை, வளர்ந்து பல்சரில் அமர்ந்தான். பெயரைப் பார்த்தால் குடும்பம் பஜாஜிலேயே நிலைத்தது. வாழ்க்கை முறையைப் பார்த்தால் தந்தையின் வண்டியினின்றும் வெகுதூரம் விலகிச் சென்றது. ஹீரோ ஹோண்டா குடும்பத்தில் பிறந்தவனோ மைலேஜையே தெய்வமாகக் கொண்ட தந்தையின் கணக்கை மறுத்துப் பல்சருக்கு மாறினான். கம்பெனி மாறுதலில் கணிசமான பகுதி ஒரே மனிதரின் மனத்தில் நிகழ்வதில்லை. தலைமுறை மாறும்போது அது வீட்டில் நிகழ்கிறது. மாதத் தவணைக் கடன் எளிதானபின் தந்தையின் சேமிப்பை எதிர்பாராமலே மகன் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடிந்தமையும் இதற்குத் துணை செய்தது.

இனிப் புல்லட்டின் கதை. 100 சி.சி. வண்டிகளின் வரவால் நலிந்த என்ஃபீல்டு, ஜெர்மனியின் சூண்டாப் தொழில்நுட்பத்தைக் கொண்டு செய்த சிறு வண்டிகளாலும் தேறவில்லை. 1994-இல் ஐஷர் குழுமம் அதனை ஏற்றது. அப்போதும் நஷ்டம் நீங்காமையால் மூடிவிடலாமா என்ற ஆலோசனை எழுந்த 2000-ஆம் ஆண்டில் சித்தார்த்த லால் அதன் பொறுப்பை மேற்கொண்டார். அவர் காலத்துச் சீர்திருத்தங்களில் தலையாயது, பழைய தோற்றத்தையும் ஒற்றைச் சிலிண்டரின் கம்பீரத்தையும் வைத்துக்கொண்டு உள்ளிருந்த யந்திரத்தை அடியோடு புதுப்பித்தமையாகும். 2009-இன் இறுதியில் வந்த கிளாசிக் 350-இல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்தன, பட்டனை அழுத்தினால் எஞ்சின் கிளம்பியது, பாயிண்ட் இல்லை, டேப்பெட்டைச் சரிசெய்யும் வேலை இல்லை, ஏனைய வண்டிகளைப் போலவே கியர் இடக்காலுக்கு வந்தது.

பழைய புல்லட்காரர் பலர் இதனை இழப்பாகவே கருதினர். வலக்காற் கியருடன் போனது தம் பயிற்சியின் மதிப்பு என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். அவ்வருத்தம் மரியாதைக்குரியது. ஆனால் அவர்கள் வருந்திய அதே மாறுதலே பல்சரையும் ஸ்ப்ளெண்டரையும் ஓட்டிவந்த லட்சக்கணக்கானோரை என்ஃபீல்டுக்கு அழைத்து வந்தது. ஒருகாலத்தில் ஆசையிருந்தும் பட்டறைக்கு அஞ்சி ஒதுங்கி நின்றவர்கள் இப்போது அச்சமின்றி வாங்கினர். 2010-இல் ஏறத்தாழ 50,000 ஆக இருந்த விற்பனை 2017-18 நிதியாண்டில் 8 லட்சத்தைக் கடந்தது. திருவொற்றியூர் போதாமல் 2013-இல் ஒரகடத்திலும், பின்னர் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. மைலேஜில் இவர்கள் நஷ்டத்தையே ஏற்றனர் என்பதைக் கவனித்தல் வேண்டும். எரிபொருட் கணக்கு ஒன்றே மாறுதலுக்குக் காரணமாயின், ஸ்ப்ளெண்டரிலிருந்து கிளாசிக்கிற்கு ஒருவரும் வந்திருக்க இயலாது.

என்ஃபீல்டின் இவ்வெற்றியைக் கண்ட பிறகு பழைய பெயர்கள் இரண்டு மீண்டும் எழுப்பப்பட்டன. கிளாசிக் லெஜெண்ட்ஸ் என்ற கம்பெனி 2018 நவம்பரில் ஜாவாவையும், 2022 ஜனவரியில் எஸ்டியையும், பழைய சாயலுடனும் நீரால் குளிரூட்டப்படும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுடனும் வெளியிட்டது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முதியோர் மனம் நெகிழ்ந்தது, முன்பதிவும் குவிந்தது. ஆயினும் அவற்றின் விற்பனை கிளாசிக் 350-ஐ நெருங்கவில்லை. மைசூர்த் தொழிற்சாலை மூடியதற்கும் ஜாவா திரும்பியதற்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் பழைய பட்டறைகள் கலைந்து, ஸ்பேர் கடைகள் வேறு வண்டிகளுக்கு மாறி, புதிய சர்வீஸ் நிலையங்களோ ஊருக்கு ஊர் அமையாதிருந்தன. என்ஃபீல்டு தன் மிக மோசமான ஆண்டுகளிலும் உற்பத்தியை நிறுத்தவில்லை. அதன் ஸ்பேர் ஏதேனும் ஒரு கடையில் எப்போதும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.