டிசைன் யார் தலையில இருக்கு?

திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைப் பக்கம் போனா பள்ளிப்பட்டு வரும். 1960-ல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து நம்ம பக்கம் சேர்ந்த பகுதி. தறிச் சத்தத்துக்குப் பழகின ஊர்.

ஒரு கட்டம் போட்ட லுங்கியைப் பாருங்க. அந்த டிசைன் வெறும் கணக்குதான். பாவில் சிவப்பு இத்தனை இழை, வெள்ளை இத்தனை இழை, ஊடையிலும் அப்படியே. கணக்கை ஒரு சீட்டில் எழுதிட்டா, யார் நெய்தாலும் அதே கட்டம் வரும்.

பட்டில் பூவும் மாங்காயும் வந்தா கணக்கு பெருசாகிடும். பிரான்சின் லியோன் நகரத்தில், வரிசைக்கு வரிசை இழைகளை இழுத்துக் கொடுக்கத் தறிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. 1804-ல் ஜோசப் மேரி ஜக்கார்டு அந்த வேலையை ஓட்டை போட்ட அட்டைகளுக்குக் கொடுத்தார். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை வரி. ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லைன்னா தூக்காது.

லியோன் நெசவாளர்கள் எதிர்த்தாங்க. அந்தப் பயம் நியாயமானது. இழுக்கிறவங்க வேலை நிஜமாவே போச்சு. ஆனா சின்னத் தறிக்காரருக்கு ஒண்ணு கிடைச்சது. ஆறு மாசம் கழிச்சு அதே டிசைனுக்கு ஆர்டர் வந்தா, பழைய அட்டையை மாட்டினா போதும். காஞ்சிபுரம் தறிகளுக்கும் பின்னாடி ஜக்கார்டு வந்தது.

இன்னைக்கு ஒரு டிபன் கடையை எடுத்துக்கோங்க. சாம்பார் அளவு முதலாளி தலையில மட்டும் இருந்தா, அவருக்குக் காய்ச்சல்னா கடைக்கும் காய்ச்சல். எழுதி வைச்சா கடை நடக்கும், அவரும் ஒரு நாள் படுக்கலாம்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அறுந்த இழையை அட்டை முடிச்சுப் போடாது. அதுக்குக் கை தெரிஞ்ச ஆள்தான் வேணும்.