தட்டுப்பாடு யாருடையது? சோலார் செல் வழக்கில் 20(ஜே) பெற்ற வாசிப்பு குறித்து ஒரு மறுப்பு

உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவுக்கு எதிராக அமெரிக்கா தொடுத்த சோலார் செல் வழக்கைப் பற்றிய (டிஎஸ்456) ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றன. வர்த்தக விதிகள் பருவநிலைக் கொள்கையின் கையைக் கட்டிப்போட்டன என்கிறது ஓர் அணி. மலிவான தகடுகள் தடையின்றி வந்து சேர வழிவிட்டதால் தீர்ப்பு பருவநிலைக்கு நன்மையே செய்தது என்கிறது மற்றோர் அணி. முடிவில் மோதிக்கொண்டாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். 2016 செப்டம்பர் 16 அன்று வெளிவந்த மேல்முறையீட்டு அமைப்பின் அறிக்கை வர்த்தகத்தையும் பருவநிலையையும் எதிரெதிரே வைத்து எடைபோட்டது என்று இரண்டுமே கொள்கின்றன. அறிக்கையில் அப்படியோர் எடைபோடல் நடக்கவே இல்லை. அது விசாரித்தது வழங்கல் பற்றிய கேள்வியை. அதற்கு அது வகுத்த அளவுகோலின் முதற்பாதி மட்டுமே இன்று மேற்கோளாகப் புழங்குகிறது. விட்டுப்போன பின்பாதியைச் சேர்த்துப் படித்தால் தீர்ப்பின் எல்லை வேறாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தியா எதை வாதிடவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். காட் ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவில் சுற்றுச்சூழலுக்கு நெருக்கமான விதிவிலக்குகள் இரண்டு: மனித, விலங்கு, தாவர உயிரையும் நலனையும் காக்கும் (பி), தீர்ந்துபோகும் இயற்கை வளங்களைப் பேணும் (ஜி). இந்தியா இரண்டையும் கையில் எடுக்கவில்லை. (டி)யையும் (ஜே)யையும் மட்டுமே முன்வைத்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. (பி)யின் கீழ் வாதாட வேண்டுமானால், உள்நாட்டில் செய்த தகட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இந்தியா விதித்த, வழக்குக்கு உள்ளான நிபந்தனை உமிழ்வைக் குறைக்க அவசியம் என்று நிறுவ வேண்டும். கூரையில் ஏறிய பிறகு குஜராத்தில் செய்த தகடும் சீனாவின் ஜியாங்சுவில் செய்த தகடும் ஒரே அளவு நிலக்கரியைத்தான் மிச்சப்படுத்துகின்றன. எனவே அந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டது. இந்த மௌனத்தைக் கணக்கில் கொள்ளாமல், பருவநிலை வாதம் ஜெனீவாவில் தோற்றது என்று எழுதுவது, வைக்காத வாதத்துக்குத் தோல்வி எழுதுவதாகும்.

சட்டங்களுக்கு இணங்கி நடக்க அவசியமான நடவடிக்கைகளை அனுமதிக்கும் (டி) குறித்து நீட்டத் தேவையில்லை. ஐ.நா. பருவநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கையையும் 1992இன் ரியோ பிரகடனத்தையும், உள்நாட்டில் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தோடு 2008இன் தேசியப் பருவநிலைச் செயல்திட்டத்தையும் இணைத்து, இவற்றுக்கு இணங்கி நடக்கவே தகட்டு நிபந்தனை விதிக்கப்பட்டதாக இந்தியா வாதிட்டது. இந்த விதிவிலக்குக்குத் தேவையான அளவு குறிப்பான, கட்டாயப்படுத்தும் விதி இவற்றில் எதிலும் இல்லை என்ற பதில் கடுமையானது; ஆனால் எதிர்பாராததல்ல. அரசுக் கொள்முதல் விலக்கும், அதாவது 3:8(ஏ), விரைவிலேயே கழன்றது. அரசு நிறுவனங்கள் வாங்கியது மின்சாரம். பாகுபாட்டுக்கு உள்ளானது செல்லும் மாட்யூலும். இரண்டும் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை. கனடாவின் மின்கட்டண ஆதரவுத் திட்ட வழக்கில் 2013இல் சொன்னதையே மேல்முறையீட்டு அமைப்பு இங்கும் சொன்னது.

வழக்கின் உயிர் (ஜே)யில் இருக்கிறது. பொதுவாகவோ குறிப்பிட்ட இடத்திலோ தட்டுப்பாட்டில் உள்ள பொருட்களைப் பெறவும் பங்கிடவும் இன்றியமையாத நடவடிக்கைகளை அது அனுமதிக்கிறது. இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற பற்றாக்குறைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட உட்பிரிவு இது. இதன் தேவையை 1960 ஜூன் 30க்குள் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று அந்த வாசகமே கெடு வைத்திருக்கிறது. தற்காலிகமாக வந்த விதி தங்கிவிட்டது. ஆனாலும் சோலார் செல் வழக்குக்கு முன் இதற்கு விரிவான விளக்கம் எதுவும் கிடைத்ததில்லை.

இந்தியாவின் வாதம் எளிமையானது. உள்நாட்டில் செல் உற்பத்தித் திறன் போதுமானதாக இல்லை. இறக்குமதியை மட்டுமே நம்பி ஒரு தேசியத் திட்டத்தை நடத்தினால், வெளியே விலை ஏறினாலோ வரத்து நின்றாலோ திட்டமே நின்றுவிடும். ஆகவே உள்நாட்டு உற்பத்தி இல்லாமையே தட்டுப்பாடு. மேல்முறையீட்டு அமைப்பு இதை ஏற்கவில்லை. ஒரு சந்தையில் தட்டுப்பாடு உண்டா என்று பார்க்க, உள்நாட்டு, வெளிநாட்டு மூலங்கள் அனைத்திலிருந்தும் வந்துசேரும் அளவைக் கூட்டி, அச்சந்தையின் தேவையோடு ஒப்பிட வேண்டும் என்றது. பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சரக்கு உலகில் எங்காவது குவிந்து கிடக்கும்வரை (ஜே)யின் கதவு மூடியே இருக்கும் என்ற முடிவு அங்கிருந்துதான் வருகிறது.

அறிக்கை அங்கே நிற்கவில்லை. எங்கோ சரக்கு இருப்பது போதாது. குறிப்பிட்ட சந்தையில் உள்ளவர்களால் அதை வாங்க முடிய வேண்டும் என்று தொடர்கிறது. அதைக் கணிக்கச் சில காரணிகளையும் அடுக்குகிறது: விலை ஏற்ற இறக்கம், உள்நாட்டு, வெளிநாட்டு வாங்குவோரின் வாங்கும் சக்தி, சந்தையில் உற்பத்தியாளர்கள் வகிக்கும் இடம், உற்பத்தி நடக்கும் இடத்துக்கும் சந்தைக்கும் உள்ள தொலைவு, வழங்கல் சங்கிலி எவ்வளவு நம்பகமானது என்பது. வளரும் நாடுகளின் உள்நாட்டு உற்பத்தி சிறிதாக இருக்கலாம், வரத்தில் ஏற்படும் இடையூறுகளால் அவை கூடுதலாகப் பாதிக்கப்படலாம், அதுவும் கணக்கில் வரலாம் என்றும் ஒப்புக்கொள்கிறது. இவற்றை வெறும் மரியாதைச் சொற்களாகத் தள்ளிவிட்டுப் படிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கையிருப்பு எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து, அந்த வரத்து நிலைக்குமா என்ற கேள்விக்கு அளவுகோல் இங்கே நகர்கிறது. முதல் கேள்விக்கு ஒரு நாளின் கணக்குப் போதும். இரண்டாவதற்குப் பதில் சொல்லக் காலப்போக்கைப் பார்த்தாக வேண்டும்.

தட்டுப்பாடு வரக்கூடும் என்ற அபாயம் தட்டுப்பாடு ஆகாது என்று வழக்கை முதலில் விசாரித்த நடுவர் குழு முன்பே மறுத்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வழங்கல் சங்கிலியின் நம்பகத்தை வருங்காலத்தைப் பார்க்காமல் யாராலும் அளக்க முடியாது. மேல்முறையீட்டு அமைப்பு அடுக்கிய காரணிகளும் நடுவர் குழுவின் இந்தக் கூற்றும் ஒன்றுக்கொன்று இசையவில்லை. அந்த முரணில் மேல்மன்றத்தின் விளக்கத்துக்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது என் துணிபு.

இந்தியா இதில் ஏன் தோற்றது என்ற கேள்விக்கு விடை சட்டத்தைவிடச் சான்றில்தான் கிடைக்கிறது. எல்லா மூலங்களையும் கூட்டினாலும் சரக்குப் போதாது என்று இந்தியா வாதிடவே இல்லை. வாதிட்டிருந்தாலும் அதன் சொந்த ஆவணங்கள் எதிர்த்து நின்றிருக்கும். 2012 நவம்பரில், மலிவு விலையில் சோலார் செல்கள் வந்து குவிகின்றன என்ற புகாரின் பேரில் இந்தியா பொருள் குவிப்பு விசாரணையைத் தொடங்கியது. 2014 மே மாதம் விசாரணை அதிகாரி சீனா, தைவான், மலேசியா, அமெரிக்கா ஆகிய இடங்களின் சரக்குக்கு வரி விதிக்கப் பரிந்துரைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு அதைக் காலாவதியாக விட்டது. ஒரு மேசையில் குவிப்பு, இன்னொரு மேசையில் தட்டுப்பாடு. இந்தப் பதிவோடு (ஜே)யை வெல்வது அரிது. ஆனால் ஒரு தரப்பு தன் வழக்கைச் சரியாக நிறுவாதது விதியின் பொருளை மாற்றிவிடாது.

நிபந்தனை எழுதப்பட்ட விதத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வழங்கல் எதனால் உருவாகிறது என்பது புலப்படும். 2010இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரியசக்தித் திட்டத்தின் முதற்கட்டத்து முதல் தொகுதியில், சிலிக்கான் படிக மாட்யூலை மட்டுமே உள்நாட்டில் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த தொகுதியில் செல்லும் சேர்ந்தது. மெல்லிய படலத் தகடுகளுக்கு விலக்கு இருந்தது. அந்த விலக்கின் வழியே அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தகடுகள் வந்தன. அவற்றை வாங்கிய திட்டங்களுக்கு அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. எந்தத் தகடு கூரை ஏறும் என்பதைத் தகட்டின் விலையோடு கடனின் வட்டியும் தீர்மானித்தது. 2024 ஜனவரியில் அதே நிறுவனம் காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 3.3 ஜிகாவாட் ஆலையைத் திறந்தது. அதற்கும் அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதி நிறுவனம் 50 கோடி டாலர் கடன் தந்திருக்கிறது. வழங்கல் என்பது துறைமுகத்தில் எண்ணப்படும் பெட்டிகள் மட்டுமே என்று கொள்வோருக்கு பத்தாண்டுக்கு மேலான இந்தக் கதை புரியாது. வாங்க முடியுமா என்று மேல்முறையீட்டு அமைப்பு கேட்டது இந்தக் கதைக்குத்தான் பொருந்துகிறது.

தீர்ப்பால் சூரிய மின்சாரம் முடங்கியது என்ற முதல் அணியின் கூற்று எண்களின் முன் நிற்காது. 2014இல் 3 ஜிகாவாட்டுக்கும் குறைவாக இருந்த நிறுவுதிறன் 2025 ஜனவரி இறுதியில் 100 ஜிகாவாட்டைத் தாண்டியது. இரண்டாம் அணி இதைத் தன் வெற்றியாகக் கொள்ளவும் முடியாது. இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி தடையற்ற வர்த்தகத்தில் நிகழவில்லை. 2018 ஜூலையில் 25 விழுக்காட்டில் தொடங்கிய பாதுகாப்பு வரி. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, மாட்யூலுக்கு 40, செல்லுக்கு 25 விழுக்காடு சுங்கவரி. ஒப்புதல் பெற்ற மாட்யூல் உற்பத்தியாளர் பட்டியல். 2021இல் 4,500 கோடி, 2022இல் 19,500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை. இவற்றுக்கிடையே உள்நாட்டுத் தகட்டு நிபந்தனையும் திரும்பி வந்தது. 2019இல் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கான 12,000 மெகாவாட் திட்டத்தில், அரசும் அரசு நிறுவனங்களும் தம் பயன்பாட்டுக்கே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. 3:8(ஏ) பற்றிய தீர்ப்பைக் கவனமாகப் படித்தவர்களின் கைவண்ணம் அது. ஜெனீவா தடுத்தது ஒரு வடிவத்தை. நோக்கம் வேறு வடிவத்தில் தொடர்ந்தது.

இந்தியா வழக்கில் சான்றின்றிச் சொன்னதை இன்று மற்றவர்கள் சட்டமாக எழுதுகிறார்கள். சோலார் தகடு உற்பத்தியின் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2022இல் அறிவித்தது. அதே ஆண்டு இறுதியில், சிலிக்கான் வேஃபர் தயாரிப்புத் தொழில்நுட்பத்தின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் உத்தேசப் பட்டியலைச் சீனா வெளியிட்டது. வழக்கில் மூன்றாம் தரப்பாக இருந்த ஐரோப்பிய ஒன்றியம், ஒரே வெளிநாட்டிலிருந்து 50 விழுக்காட்டுக்கு மேல் வரும் தொழில்நுட்பத்துக்கு ஏல விதிகளில் தனி நிபந்தனை விதிக்க 2024இன் நிகர சுழியத் தொழில் சட்டத்தில் வழிசெய்தது. உள்நாட்டுப் பொருள் நிபந்தனைக்கு எதிராக வழக்காடிய அமெரிக்காவே 2022இன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் உள்நாட்டுப் பொருளுக்குக் கூடுதல் வரிச்சலுகை அளித்தது. இவை இரட்டை வேடம் என்று கோபப்படுவதில் பயனில்லை. ஒரே மூலத்தைச் சார்ந்திருப்பதே வழங்கல் பிரச்சினை என்று பெரிய பொருளாதாரங்கள் ஒப்புக்கொண்டுவிட்டன என்பதற்கு இவை சான்று. அந்தச் சான்றுக்கு (ஜே)யின் கீழ் இடம் உண்டு.

இந்த வாசிப்பு கட்டற்ற பாதுகாப்புவாதத்துக்குக் கதவைத் திறந்துவிடும் என்ற அச்சத்துக்கு உட்பிரிவே பதில் வைத்திருக்கிறது. பன்னாட்டு வழங்கலில் எல்லா உறுப்பினர்களுக்கும் நியாயமான பங்கு உண்டு. தட்டுப்பாட்டுக்குக் காரணமான நிலை நீங்கியதும் நடவடிக்கையும் நீங்க வேண்டும். அதற்கு மேல் 20ஆம் பிரிவின் முகப்பு வாசகம் இருக்கிறது. இந்த மூன்றையும் தாண்டி வரும் நடவடிக்கையை அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வாசிப்பைச் சோதிக்க இப்போது மேல்மன்றம் இல்லை. 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பு செயலற்றுக் கிடக்கிறது. அமெரிக்க மாநிலங்களின் உள்நாட்டுப் பொருள் ஊக்கத்தொகைக்கு எதிராக இந்தியா நடுவர் குழுவில் பெற்ற வெற்றியும் அமெரிக்காவின் மேல்முறையீட்டால் அந்தரத்தில் தொங்கியது. 2023 ஜூனில் இரு நாடுகளும் ஆறு வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொண்டபோது சோலார் செல் வழக்கும் இந்த வழக்கும் அவற்றில் அடங்கின. சமரசம் வழக்கை முடித்தது. அறிக்கையின் வாசகத்தைத் திருத்தவில்லை. பருவநிலைக்கும் வர்த்தகத்துக்கும் இடையிலான முன்தீர்ப்பாக அதை மேற்கோள் காட்டுவதை நிறுத்த வேண்டும். அந்தக் கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை. இனி (ஜே)யை நாடும் அரசு, தன் ஆலைகளின் போதாமையைச் சொல்லித் தொடங்கினால் மீண்டும் தோற்கும். எந்தத் துறைமுகத்திலிருந்து, எத்தனை நிறுவனங்களிடமிருந்து, என்ன விலையில், யாருடைய கடனில் சரக்கு வந்தது என்ற பல ஆண்டு இறக்குமதிப் பதிவோடு வந்தால், 2016இன் அறிக்கையே அதன் முதல் ஆதாரமாக நிற்கும்.