அன்னையை ஏற்றனர், அடியாரை ஏற்றிலர்



திருச்செங்கோட்டு மலைமீது எழுந்தருளியிருக்கும் மாதொருபாகப் பெருமானைத் தரிசித்தோர் பிருங்கி முனிவரின் வரலாற்றை அறிவர். சிவபெருமானை மட்டுமே வலம் வருவேன், அம்மையை வணங்கேன் என்பது அம்முனிவரின் உறுதி. அம்மையும் அப்பனும் ஓருருவாய் நின்றபோதும், அவர் வண்டாகி நடுவே துளைத்துச் சென்று அப்பனை மட்டும் வலம் வர முயன்றார் என்பது புராணம். அம்மை தன் சத்தியை மீட்டுக்கொள்ள, நிற்கவும் வலியற்று வீழ்ந்தார். இறைவன் மூன்றாவது கால் ஒன்றை அருளிய பின்னரே நின்றார். ஒரு பாதியை வணங்கி மறுபாதியை விலக்கும் வழிபாடு காலூன்றி நில்லாது என்பதே இதன் கருத்து.

இக்கருத்தை நெஞ்சில் இருத்திக்கொண்டு, நம் நாட்டுக்கு மிகத் தொலைவில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வரலாறு ஒன்றை இன்று சிந்திப்போம். கிறித்துவம் பரவுவதற்கு முன்னர் உரோமாபுரியில் பல தெய்வ வழிபாடு நிலவிய காலம் அது. ஆணாய்ப் பிறந்து, பெண்கோலம் பூண்டு, தாய்த்தெய்வம் ஒன்றுக்குத் தொண்டு செய்த குருமாரைப் பற்றியது அவ்வரலாறு.

கருங்கல் வடிவில் வந்த அன்னை

இன்றைய துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் முற்காலத்தே பிரிகியா என்னும் நாடு இருந்தது. அந்நாட்டுப் பெசினஸ் என்னும் ஊரில் சிபெலி என்ற தாய்த்தெய்வம் கோயில் கொண்டிருந்தாள். மலைக்கும் விலங்குக்கும் தலைவி; சிங்கம் அவள் ஊர்தி. அங்கே அவள் திருமேனி ஒரு கருங்கல். வானினின்று வீழ்ந்தது என மக்கள் நம்பிய அக்கல், சுயம்பு மூர்த்தங்களை வணங்கும் நமக்கு வியப்பளிப்பதன்று.

கி.மு. 205-ஆம் ஆண்டு. கார்த்தேஜ் நாட்டுப் படைத்தலைவன் ஹன்னிபால் இத்தாலியில் புகுந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும் அவனை வெளியேற்ற உரோமரால் இயலவில்லை. வானிலிருந்து கல்மழை பொழிந்ததாகச் செய்திகள் பரவின. அஞ்சிய உரோமர் தம் பழைய ஆரூட ஏடுகளைப் பிரித்துப் பார்த்தனர். பெசினஸ் அன்னையை உரோமாபுரிக்குக் கொணர்ந்தால் அயல் பகைவன் அகல்வான் என்னும் குறிப்புக் கிடைத்தது. பெர்கமம் நாட்டு அரசன் அத்தாலஸின் துணையால் அக்கருங்கல் கப்பலேறியது. கி.மு. 204-இல் நகரின் மிகச் சிறந்த ஆடவர் எனத் தேர்ந்தெடுக்கப்பெற்ற சிப்பியோ நாசிகா அதனைத் துறைமுகத்தில் எதிர்கொண்டார். உயர்குலப் பெண்டிர் கைமாற்றிக் கைமாற்றி ஏந்திச் சென்றனர். மறு ஆண்டே ஹன்னிபால் இத்தாலியை விட்டு நீங்கினான். கி.மு. 191-இல் நகரின் நடுவே, பாலடைன் குன்றின்மீது, அன்னைக்குத் தனிக்கோயில் எழுந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் திங்களில் விளையாட்டும் நாடகமுமாகப் பெருவிழா நடைபெற்றது.

மதிலுக்குள் ஒரு மதில்

அன்னை தனியே வரவில்லை. அவள் அடியாரும் உடன் வந்தனர். ‘கல்லி’ என்பது அவர்கள் பெயர். அன்னையின் அன்பனான அத்திஸ் பித்தேறிய நிலையில் தன் ஆண்மையை அறுத்துப் பைன் மரத்தடியில் மாண்டான் என்பது அவர்களின் புராணம். அவன் வழியே அவர்களும் தம் ஆண்மையை நீக்கிக்கொண்டனர். நீண்ட கூந்தல், காதணி, முகப்பூச்சு, மஞ்சள் நிறப் பெண்ணாடை ஆகியவை அவர்கள் கோலம். கைப்பறையும் தாளமும் குழலும் முழங்க ஆடி, ஆவேசமுற்றுத் தம் உடலைக் கீறிக்கொள்வர், வருவது உரைப்பர். நம் சிற்றூர்களில் சாமி வந்து ஆடுவாரைக் கண்டவர்களுக்கு இக்காட்சி முற்றிலும் புதிதன்று. உடலை ஊறுபடுத்தும் அவ்வழக்கத்தை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் அதன் பின்னிருந்த பத்தியை ஐயுறவும் வேண்டுவதில்லை.

கி.மு. 189-இல் உரோமப் படை பிரிகியாவின் எல்லையில் பாசறை அமைத்திருந்தபோது, பெசினஸ் குருமாரின் ஏவலால் இக்கல்லியர் தெய்வ உருவங்களை மார்பில் தாங்கி வந்து வெற்றியை முன்னறிவித்தனர். படைத்தலைவன் மான்லியஸ் அவர்களை மரியாதையோடு வரவேற்றான் எனப் பொலிபியஸ் எழுதுகிறார். போர்க்களத்தில் அவர்கள் வாக்கு வேண்டியிருந்தது. நகருக்குள்ளோ நிலைமை வேறு. உரோமக் குடிமகன் எவனும் அன்னையின் குருவாகலாகாது, வண்ண ஆடை உடுத்து ஊர்வலம் செல்லலாகாது என்று சட்டம் தடுத்ததைத் தயோனிசியஸ் என்னும் வரலாற்றாசிரியர் குறிக்கிறார். குறித்த சில நாள்களில் மட்டுமே அவர்கள் தெருவில் இறங்கிப் பிச்சை ஏற்கலாம். அந்நாள்களில் மக்கள் காசும் ரோசா மலரும் இறைப்பர். பிற நாள்களில் அவர்களை எள்ளி நகைப்பர். அன்னைக்காகத் திறந்த மதில் அடியாருக்காக மீண்டும் எழுந்தது.

வழக்கு மன்றத்தில்

அம்மதில் எத்துணை உயரமானது என்பதைக் கி.மு. 77-இல் நடந்த வழக்கு ஒன்று காட்டும். நேவியானஸ் என்னும் விடுதலை பெற்ற அடிமை, தன் சொத்தை ஜெனூசியஸ் என்ற கல்லிக்கு உயில் எழுதிவைத்து இறந்தான். நீதித் தலைவர் ஓரெஸ்தஸ் உயிலை ஏற்றுச் சொத்தை ஜெனூசியஸிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். நேவியானஸின் பழைய எசமானர் மேல்முறையீடு செய்தார். வழக்கைக் கேட்ட கான்சல் மாமெர்க்கஸ் முந்தைய ஆணையைத் தள்ளினார். அவர் கூறிய காரணம் யாது? ஜெனூசியஸ் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர். ஆதலின் அவருக்கு அவ்வுரிமை இல்லை என்பதே. இச்செய்தியைப் பதிந்து வைத்த வலேரியஸ் மாக்சிமஸ், இத்தகையோர் வந்து நின்று பேசுவதாலேயே நீதிமன்றம் மாசுறும் என்று எழுதி, தீர்ப்பைப் பாராட்டுகிறார்.

அன்பர்களே, உயில் பொய்யென்று அங்கே எவரும் மெய்ப்பிக்கவில்லை; ஜெனூசியஸ் தீங்கிழைத்தார் என்றும் எவரும் கூறவில்லை. கணக்கேட்டில் அவரை எழுத ஒரு வரிசை இல்லை. அது ஒன்றே குற்றம். நாட்டைக் காத்த தெய்வமெனத் தாங்கள் கொண்டாடிய அன்னையின் அடியவரை, அதே நகரத்தார் அரங்கினின்று அகற்றினர். பிருங்கி வண்டாய்த் துளைத்த கதையன்றோ இது!

கல்லியரையும் இக்காலத் திருநங்கையரையும் முற்றும் ஒன்றெனக் கூறல் வரலாற்று நெறியன்று. காலம் வேறு, சமயம் வேறு. அன்றியும் கல்லியரைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அவர்களை இகழ்ந்தோர் எழுதியவையே. ஆயினும் இருசாராரும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றே: ஆணென்றும் பெண்ணென்றும் இரண்டே வரிசை வகுத்த உலகில், எமக்கு இடம் எங்கே?

நாம் கொள்ளத்தக்கது

நம் சமயம் இக்கேள்விக்கு விடை கூறாமல் விடவில்லை. மார்கழி விடியலில் நம் கோயில்தோறும் ஓதப்படும் திருவெம்பாவையில், மணிவாசகப் பெருமான் இறைவனைப் பெண்ணாகவும் ஆணாகவும் இரண்டுமல்லாத பாலாகவும் கண்டு போற்றுகிறார். மூன்றையும் அவன் தன் வடிவாகவே கொண்டான் என்றால், அம்மூன்றில் ஒன்றை இழிவென்று தள்ள நாம் யார்?

நாட்டின் சட்டமும் மெல்ல அவ்வழி திரும்பியது. 2008-இல் தமிழக அரசு திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், ஆண், பெண், மூன்றாம் பாலினர் என்பவற்றுள் தம் பாலினம் எது என்று கூறும் உரிமை அவரவர்க்கே உண்டு எனத் தீர்ப்பளித்தது. மாமெர்க்கஸ் மறுத்த வரிசை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் எழுதப்பெற்றது.

ஆனால் தீர்ப்பு எழுதிய வரிசை வேறு. தரிசனத்துக்கு நிற்கும் வரிசை வேறு. நம் கோயில் வாயிலில் திருநங்கை ஒருவர் கைகூப்பி நிற்கையில், அருகில் நிற்போர் சற்றே விலகுவதையும் சிலர் வாய்பொத்தி நகைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். கண்டும் வாளா இருந்திருக்கிறோம். உள்ளே கருவறையில் ஒரு பாதி ஆணாய், ஒரு பாதி பெண்ணாய் நிற்கும் பெருமானுக்கு ஆரத்தி காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். வெளியே வந்ததும் மாமெர்க்கஸின் இருக்கையில் ஏறி அமர்கிறோம். இது முறையாகுமா?

உரோமாபுரியில் அன்னையின் கோயில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் நின்றது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடை செய்தார். அன்னையின் பூசையும் அற்றுப்போயிற்று. நம் அம்மையப்பர் வழிபாடு இன்றும் உயிரோடு விளங்குகிறது. அவ்வாழ்வுக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? அடுத்த முறை தரிசன வரிசையில் அத்தகைய அடியார் ஒருவர் நம் அருகே நின்றால், விலகாது நிற்போம். திருநீற்றுத் தட்டு நம் கைக்கு வந்தால் அவருக்கும் நீட்டுவோம். பிருங்கி முனிவருக்கு இறைவன் அருளிய மூன்றாவது கால் நமக்கு அந்தச் சிறு செயலாகவே வாய்க்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.