கிளாரண்டன் கணக்கு

1949-50 கல்வியாண்டில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் கிளாரண்டன் கவுண்டி, ஒரு வெள்ளைக் குழந்தையின் படிப்புக்கு 179 டாலர் செலவழித்தது. ஒரு கறுப்புக் குழந்தைக்கு 43. வெள்ளையருக்கு 12 பள்ளிகள், பிள்ளைகள் 2,375, மதிப்பு 6,73,850 டாலர். கறுப்பருக்கு 61 பள்ளிகள், பிள்ளைகள் 6,531, மதிப்பு 1,94,575 டாலர்.

பட்டியல் என்றாலே நம் வட்டத்தில் சண்டை என்று பொருள். ஆனாலும் இந்தப் பட்டியலோடு நான் நெடுநாளாகப் பழகிவருகிறேன். முதல் தடவை பார்த்தபோது, பள்ளிகளின் எண்ணிக்கையில் கறுப்பர் கை மேலோங்கியிருப்பதாகக்கூட ஒரு கணம் தோன்றியது. அந்த 61இல் பாதிக்கு மேல் ஓராசிரியரோ ஈராசிரியரோ வைத்து நடந்த மரக் கொட்டகைகள். சராசரி போட்டுப் பார்த்தால் ஒரு வெள்ளைப் பள்ளியின் மதிப்புக்கு அப்படிப்பட்ட பதினேழுக்கும் மேற்பட்ட கொட்டகைகள் ஈடாகும். பருத்தி விளையும் பூமி. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுத கறுப்பர்தான் பெரும்பான்மை.

வழக்கு பஸ்ஸில் ஆரம்பித்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ்கள், கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. லீவை பியர்சன் என்ற விவசாயியின் பிள்ளைகள் ஒன்பது மைல் நடந்தார்கள். பெற்றோர்கள் காசு சேர்த்துப் பழைய பஸ் ஒன்று வாங்கினார்கள். அது அடிக்கடி நின்றுபோயிற்று. 1947இல், ஜோசப் டிலெய்ன் என்ற பாதிரியாரின் தூண்டுதலில், பியர்சன் ஒரு பஸ் கேட்டு மனுப் போட்டார். அடுத்த வருஷம் கோர்ட்டில் அது தள்ளுபடியாயிற்று. அவருடைய நிலம் இரண்டு பள்ளி வட்டங்களின் எல்லையில் கிடந்தது. வரி கட்டியது ஒரு வட்டத்தில், பிள்ளைகள் படித்தது இன்னொரு வட்டத்தில். அநீதியை இவ்வளவு சட்டசுத்தமாகவும் செய்ய முடிகிறது.

1949 நவம்பரில் ஸம்மர்டன் ஊரை உள்ளடக்கிய 22ஆம் வட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு, பஸ்ஸோடு நில்லாமல், எல்லா வசதிகளிலும் சமத்துவம் கேட்டார்கள். அகர வரிசையில் முதலாவதாக வந்த ஹாரி பிரிக்ஸின் பெயராலேயே வழக்கு இன்றும் வழங்குகிறது. பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர். யுத்தத்தில் கடற்படையில் இருந்தவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதலாளி ஒரு பெட்டி சிகரெட்டைப் பரிசாகக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார். மனைவி எலைஸாவுக்கு மோட்டலில் இருந்த வேலையும் போயிற்று. டிலெய்னின் வீடு எரிந்தது.

விசாரணை 1951 மே 28ஆம் தேதி சார்ல்ஸ்டனில், மூன்று நீதிபதிகளின் முன்னால். ஹோவர்ட் பல்கலைக்கழகத்து மாத்யூ வைட்ஹெட் அந்த வட்டத்துப் பள்ளிகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பார்த்து, ஒப்பிட்டுக் குறித்திருந்தார். 276 வெள்ளைப் பிள்ளைகளின் இரண்டு பள்ளிகளின் மதிப்பு, 808 கறுப்புப் பிள்ளைகளின் மூன்று பள்ளிகளைப்போல் நான்கு மடங்கு. அங்கே செங்கல்லும் காரையும், இங்கே உளுத்த மரம். அங்கே 28 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், இங்கே 47க்கு. அங்கே தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறை, இங்கே வெளியே குழி.

அவர் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன்பே மாநிலத் தரப்பு வக்கீல் ராபர்ட் ஃபிக் எழுந்து, பள்ளிகள் சமமில்லைதான், ஒப்புக்கொள்கிறோம், சரிசெய்ய அவகாசம் கொடுங்கள் என்றார்.

இந்த இடம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒப்பீடு முழு வெற்றி அடைந்த கணத்திலேயே பயனற்றுப் போகிறது. 43ஐ 179 ஆக்கிவிடலாம். கவர்னர் ஜேம்ஸ் பர்ன்ஸ் அதே வருஷம் 3 சதவீத விற்பனை வரி போட்டு, பள்ளிக் கட்டடங்களுக்காக 7.5 கோடி டாலர் பத்திரங்களுக்கு வழிசெய்தார். ஸம்மர்டன் கறுப்பர்களுக்கும் புதுப் பள்ளி எழும்பியது. இரண்டு பத்திகளும் சமமாகும் வரை செலவழிக்கத் தயார். இரண்டையும் ஒன்றாக்க மட்டும் தயாரில்லை. இத்தனை கோடி கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது பத்திகளுக்கு நடுவே இருந்த கோட்டைத்தான்.

பத்தி என்ற ஏற்பாட்டையே தாக்கும்படி வழக்கைத் திருப்பியவர் மூவரில் ஒருவரான நீதிபதி வேரிங். வசதிகளின் சமத்துவத்தை மட்டும் கேட்டு வந்த மனுவை, பிரிவினையையே எதிர்த்து மீண்டும் தாக்கல் செய்யும்படி 1950 இறுதியில் வக்கீல் தர்குட் மார்ஷலை நெருக்கினார். அதற்கு எண்களல்லாத சாட்சியம் வேண்டியிருந்தது. மனோதத்துவ நிபுணர் கென்னத் கிளார்க் பொம்மைகளோடு கிளாரண்டனுக்குப் போனார். ஆறிலிருந்து ஒன்பது வயது வரையான 16 கறுப்புக் குழந்தைகளில் 10 பேர் வெள்ளைப் பொம்மை பிடித்திருக்கிறது என்றார்கள். 11 பேர் கறுப்புப் பொம்மையை 'கெட்டது' என்று காட்டினார்கள். உன்னைப்போல் இருப்பது எது என்றபோது 7 பேர் வெள்ளையைத் தொட்டார்கள்.

இந்தச் சோதனையை நான் முழுதாக நம்பவில்லை. முன்பு வடமாநிலங்களில், இரு நிறத்தாரும் சேர்ந்து படித்த பள்ளிகளிலும், வெள்ளைப் பொம்மையை விரும்பிய கறுப்புக் குழந்தைகள் குறையவில்லை. கிளார்க்கின் ஆய்வே அப்படிக் காட்டியது. வெறும் 16 பேரை வைத்துக்கொண்டு பள்ளியைக் குற்றவாளி ஆக்குவது விஞ்ஞானமாகாது. ஆனால் அந்த 7 பேரின் விரல்களை 179க்கும் 43க்கும் நடுவில் எங்கே எழுதுவது? மதிப்பிடப்படாத ஒன்று அங்கே இருந்தது என்று காட்டிய அளவில் கிளார்க் சரி.

தீர்ப்பு இருவருக்கு ஒருவராகத் தோற்றது. வேரிங் மட்டும், பிரிப்பதே சமமின்மை என்று மாறுபட்டு எழுதினார். 1954 மே 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில், இதையும் சேர்த்துக்கொண்டு, ஒருமனதாக அந்தப் பக்கம் வந்தது.

ஸம்மர்டனில் அதனால் உடனே ஒன்றும் நிகழவில்லை. 1965இல் வெள்ளையர்கள் தனியார் பள்ளி ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். கலப்பு வந்துசேர்ந்தபோது அரசுப் பள்ளிகளில் மிஞ்சியவர்கள் அநேகமாகக் கறுப்புப் பிள்ளைகள் மட்டும். ஒப்பிடுவதற்கு இரண்டாவது பத்தியே இல்லை. அது கணக்குப் புத்தகத்தைவிட்டே வெளியேறிவிட்டது.

ஹாரி பிரிக்ஸ் பிழைப்புக்காக ஃபிளாரிடா போனார். 1955இல் தன் வீட்டைத் தாக்கியவர்களை நோக்கித் துப்பாக்கியால் சுட்ட டிலெய்ன், கைது உத்தரவுக்குத் தப்பி நியூயார்க் போனார். அந்த உத்தரவு 2000இல் ரத்தாயிற்று. அவர் 1974இலேயே இறந்துவிட்டார்.