சுறாவுக்கு ஏது கொம்பு?



பட்டினப்பாலை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்பது, "ஐயா, சுறாவுக்கு ஏது கொம்பு?" காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறார். மற்றச் சுறாக்களுக்குக் கொம்பு இல்லைதான். வேளாவுக்கு உண்டு. மூக்கு நீண்டு தட்டையாகி, இருபுறமும் பல் வைத்த இரம்பம் போல இருக்கும். பாட்டில் வருவது வேளாக்கொம்புதான் என்பது என் துணிபு.

வேளா பார்வைக்குச் சுறா. செவுள் அடிப்பக்கம் இருப்பதால் விலங்கியலார் திருக்கை இனத்தில் சேர்க்கிறார்கள். 20 அடிக்கு மேலும் வளரும். முட்டையிடாது, குட்டி போடும். வயிற்றுக்குள் தாய்க்குக் காயம் படாதபடி குட்டியின் இரம்பத்தை ஓர் உறை மூடியிருக்கும். பிறந்த பிறகு அது கழன்றுவிடும். இயற்கையின் இந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்தபோது வெகுநேரம் வியந்துகொண்டிருந்தேன்.

மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வேளாவுக்கு ஓர் ஈற்றில் சில குட்டிகள்தாம், அவை வளர்ந்து தாயாகவும் பல ஆண்டுகள் ஆகும். கரையோர ஆழமற்ற நீரும் கழிமுகமும் அதன் இடம். இறால் ஏற்றுமதிக்காக இழுவைமடிப் படகுகள் பெருகி, நைலான் வலையும் வந்தபின் அங்கேயே அது மாட்டிக்கொண்டது. எந்த வலையானாலும் அந்த இரம்பம் சிக்கிவிடும், விடுபடாது. துடுப்புக்கு நல்ல விலை. கொம்பு அலங்காரப் பொருளாயிற்று.

2001-இல் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளாவைச் சேர்த்தது. பன்னாட்டு வணிகத்துக்கு 2007-இல் தடை வந்தது. விடுபட்ட ஓர் இனத்துக்கு 2013-இல். அமெரிக்காவின் புளோரிடாவில் 1992-லேயே பிடிக்கத் தடை போட்டார்கள். அங்கே இன்றும் குட்டிகள் பிறக்கின்றன.

நம் கரையில் சட்டம் மட்டும் போதாது என்பேன். வேளாவைத் தேடி யாரும் போவதில்லை, அதுவாக வந்து மாட்டுகிறது. உயிரோடு விட வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். அந்த நட்டம் யாருக்கு? குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்காக வலையை அறுத்துவிடும் மீனவருக்கு அரசு இழப்பீடு தருகிறது. வேளாவுக்கும் அதைக் கேட்கலாமே.

கடலோர ஊர்ப் பிள்ளைகளே, உங்கள் தாத்தா வலையில் வேளா பட்டதாகக் கேட்டிருந்தால், ஊரையும் ஏறத்தாழ ஆண்டையும் கீழே எழுதுங்கள்.